அப்பாவின் பீப்பாய்களை அறுத்த மகன்: பரோலோ ஒயின், ஒரு நிகழ்வு ஆய்வு

1983. வடமேற்கு இத்தாலியின் பியமோன்தே மாநிலத்தில், அல்பா நகரை ஒட்டி லாங்கே என்ற மலைச்சரிவுகள் இருக்கின்றன. அங்கே லா மோர்ரா ஊரைச் சேர்ந்த அனுன்ட்சியாத்தா என்ற சின்னக் குடியிருப்பில், எலியோ ஆல்தாரே என்ற விவசாயி ஒரு நாள் சங்கிலி ரம்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டு நிலவறைக்குள் போனார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. உள்ளே அவருடைய அப்பா ஜொவான்னி ஒயின் வைத்திருந்த பெரிய பெரிய மரப் பீப்பாய்கள். அவற்றை அறுத்துத் தள்ளினார். தோட்டத்துப் பழமரங்களும் தப்பவில்லை. பழைய பீப்பாய்கள் நின்ற இடத்துக்கு பிரான்ஸிலிருந்து சின்ன ஓக் பீப்பாய்கள் வந்து சேர்ந்தன.

அப்பா மகனுக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டார். 1985-ல் இறந்துபோனார், சமாதானம் ஆகாமலே. பிறந்து வளர்ந்த வீட்டையும் நிலத்தையும் எலியோ உடன்பிறந்தவர்களிடமிருந்து பணம் கொடுத்துத்தான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

ஒயின் உலகத்தில் இது பிரபலமான கதை. பழமைக்கும் புதுமைக்கும் நடந்த சண்டை என்றே பெரும்பாலும் சொல்வார்கள், கடைசியில் யாராவது ஒருவரை ஜெயிக்க வைப்பார்கள். எனக்கு இந்தக் கதையில் மனதை உறுத்துவது வேறு. அப்பாவும் மகனும் ஆளுக்குப் பாதி சரி. யார் எதில் சரி என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி பீப்பாய்க்குள் இருந்தது. அந்தச் சாட்சி வாய் திறக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் அந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

பிடிவாதக்காரத் திராட்சை

பரோலோ என்பது ஓர் ஊரின் பெயர். அந்த ஊரையும் சேர்த்து 11 ஊர்களின் சரிவுகளில் விளையும் நெபியோலோ என்ற ஒரே ரகத் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். நெபியோலோ வசந்தத்தில் மற்ற கொடிகளுக்கு முன்னால் துளிர்த்துவிடும், ஆனால் பழுக்க எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வரும். அந்தக் காலத்தில் அறுவடை அக்டோபர் மத்தியைத் தாண்டி, பள்ளத்தாக்கில் மூடுபனி படுத்துக் கிடக்கும் நாட்களில் நடந்தது. பனிமூட்டத்துக்கு இத்தாலிய மொழியில் நெப்பியா என்று பெயர், அதிலிருந்துதான் நெபியோலோ வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. வெயில் நன்றாக விழும் சரிவு கிடைக்காவிட்டால் இந்தப் பழம் கனியவே கனியாது.

கிளாஸில் ஊற்றிப் பார்த்தால் முதலில் ஏமாற்றம்தான் வரும். பேர்பெற்ற சிவப்பு ஒயின் என்றால் கருஞ்சிவப்பாக இருக்கும் என்று நினைப்போம். இதுவோ வெளிறிய மாணிக்க நிறம், கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். சில வருடம் ஆனதென்றால் ஓரத்தில் செங்கல் நிறம் ஓடியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த ரோஜா இதழ், கூடவே புதிதாகப் போட்ட தார்ச்சாலையின் வாசனை. இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் நெபியோலோவின் அடையாளம். சரி, மென்மையாக இருக்கும் போலிருக்கிறது என்று ஒரு வாய் குடித்தால் ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பிடிப்பைச் சொல்ல மேல்நாட்டு எழுத்தாளர்கள் வரிவரியாக வர்ணிக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமமில்லை. அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பை வைத்திருக்கிறோம். நாவல்பழம் தின்றதும் நாக்கு தடித்துப்போவது போல, கடுக்காயைக் கடித்ததும் வாய் வறண்டுபோவது போல. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழுவழுப்பை எடுத்துவிடுகிறது. நெபியோலோவில் டானின் அதிகம், புளிப்பும் அதிகம், நிறமோ குறைவு. இருக்கிற நிறமும் காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பாகிவிடும் வகை. இந்த மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பரோலோ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஓடிய கேள்வி.

அப்பாக்களின் வழி

அப்பாக்கள் கண்டுபிடித்த பதில், காலம். பிழிந்த சாற்றைத் தோலோடும் விதையோடும் ஒரு மாதம், சில வீடுகளில் இரண்டு மாதம்கூட ஊறவிடுவார்கள். நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்து கனமான ஆடைபோல் படியும். மரச்சட்டங்களைக் குறுக்கே பொருத்தி அந்த ஆடையைச் சாற்றுக்குள் முக்கியே வைத்துவிடுவார்கள். அவ்வளவு நாள் ஊறினால் துவர்ப்பெல்லாம் இறங்கிவிடும். அப்புறம் அதைப் பெரிய பீப்பாயில் ஊற்றி வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள்.

அந்தப் பெரிய பீப்பாய்க்கு பொத்தே என்று பெயர். கொள்ளளவு 2,000 லிட்டரிலிருந்து 10,000 லிட்டர், அதற்கு மேலும் உண்டு. இப்போதைய குரோஷியாவின் கிழக்குப் பகுதியான ஸ்லவோனியாவின் ஓக் மரம்தான் பேர்போனது. முன்பெல்லாம் உள்ளூர் செஸ்ட்நட் மரத்திலும் செய்தார்கள். தடித்த பலகைகள், சுற்றி இரும்புப் பட்டைகள். முன்பக்கத்தில் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். பீப்பாய் காலியானதும் ஒல்லியான ஆள் ஒருவர் அந்தக் கதவு வழியாகத் தோளைச் சாய்த்து உள்ளே நுழைவார். சுவரெல்லாம் கண்ணாடித் துகள்போல் மின்னும் உப்புப் படிவம் இறுகிப் போயிருக்கும், ஒயினின் டார்டாரிக் அமிலம் உறைந்தது. அதைச் சுரண்டி, தேய்த்து, கழுவி வெளியே வருவார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு பொத்தே அரை நூற்றாண்டு உழைக்கும். தாத்தா வாங்கியதில் பேரன் ஒயின் வைப்பான். அந்தப் பலகை ஒயினுக்குத் தன் வாசனையைத் தருவதை எப்போதோ நிறுத்தியிருக்கும். மரத்தின் நுண்துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விடுவது மட்டும்தான் அதன் வேலை.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் என்று சொன்னேன். அங்கேதான் சிக்கல். பார்த்துக்கொள்ளாத பீப்பாயில் மரத்துளைக்குள் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் குடியேறிவிடும், ஒயினில் குதிரைலாய வாடை அடிக்கும். காடிப் புளிப்பு ஏறும். அதற்கு மேல் என்ன தேய்த்தாலும் போகாது. ஏழை விவசாயி வீடுகளில் புதுப் பீப்பாய்க்கு ஏது காசு? கெட்டுப்போனதிலேயே அடுத்த வருடமும் ஊற்றினார்கள். அப்படி வந்த ஒயினையும் பாரம்பரியம் என்றே சொன்னார்கள். எலியோவின் தரப்பு நியாயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மகன்களுக்கு என்ன கோபம்?

லாங்கேயை இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு அதன் பழைய வறுமை கண்ணில் படாது. 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய நிலக்காட்சி அது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் அது ஆட்களை வெளியே அனுப்பிய ஊர். வாலிபர்கள் துரினில் கார் தொழிற்சாலைக்கும், அல்பாவில் சாக்லேட் தொழிற்சாலைக்கும் போனார்கள். தோட்டத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரில் ஒயின் விற்கவில்லை, திராட்சையைத்தான் விற்றார்கள். அறுவடை நாட்களில் அல்பா சந்தைச் சதுக்கத்தில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். விலை சொல்வது தரகர். பறித்த திராட்சை நாளைக்கு நிற்காது என்று அவருக்கும் தெரியும், விவசாயிக்கும் தெரியும். பொழுது சாயச் சாய விலை இறங்கும்.

ஆல்தாரே குடும்பத்தில் எலியோவின் தாத்தா 1948-ல் தோலியானி ஊரிலிருந்து வந்து அனுன்ட்சியாத்தாவில் இந்தச் சின்ன நிலத்தை வாங்கியிருந்தார். கொடியோடு பழமரங்களும் வைத்திருந்தார்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று சோறு போடும் என்ற பழைய கணக்கு அது.

1976-ல் எலியோ பிரான்ஸின் பர்கண்டிக்குப் போனார். தங்கக் காசில்லாமல் காரிலேயே படுத்துத் தூங்கிய பயணம். அங்கே அவர் கண்டது தன்னைப் போலவே சில ஹெக்டேர் நிலம் வைத்திருந்த விவசாயிகளை. நிலத்தின் அளவு ஒன்றுதான், வாழ்க்கை வேறு. ஒயினைத் தங்கள் பெயரில் புட்டியில் அடைத்து, தாங்களே விலை சொல்லி விற்றார்கள். நிலவறையில் வரிசையாகச் சின்ன ஓக் பீப்பாய்கள், துடைத்துவைத்த மாதிரி சுத்தம்.

ஊர் திரும்பிய எலியோவும் அவரைப் போன்ற இளைஞர்களும் முதலில் கைவைத்தது பீப்பாயில் இல்லை, கொடியில். கோடை நடுவில், காய் பழுக்கும் முன்பே, கொத்துகளில் கணிசமானவற்றை வெட்டித் தரையில் போட ஆரம்பித்தார்கள். மிச்சமிருக்கும் கொத்துக்குச் சத்து முழுசாகப் போகும், பழம் சீராகக் கனியும், துவர்ப்பும் முதிரும். தோட்டக்கலையில் இதற்கு மறுப்பே இல்லை. ஆனால் கிலோக் கணக்கில் தரகருக்கு விற்றுப் பிழைத்த, பசி தெரிந்த ஒரு தலைமுறையின் கண்ணெதிரே காய்த்ததை வெட்டி மண்ணில் எறிவதென்றால்? அது பாவம். பல வீடுகளில் உண்மையான காயம் இங்கேதான் பட்டது என்று நினைக்கிறேன். பீப்பாயைப் பற்றி உலகம் பேசியது. பெரியவர்களின் வயிற்றைக் கலக்கியது தரையில் கிடந்த கொத்துகளாகத்தான் இருக்கும்.

சின்னப் பீப்பாய் செய்தது என்ன?

பிரெஞ்சுச் சின்னப் பீப்பாய்க்கு பரீக் என்று பெயர். 225 லிட்டர் கொள்ளும், அதாவது சுமார் 300 புட்டி. பலகை மெல்லியது. செய்யும்போது உள்பக்கத்தை நெருப்பில் வாட்டியிருப்பார்கள். வாட்டிய புது ஓக் மரத்திலிருந்து வெனிலா, கிராம்பு, புகை, லேசான தேங்காய் வாசனை என்று ஒயினுக்குள் இறங்கும். இரண்டு மூன்று முறை நிரப்பியதும் இந்த வாசனை தீர்ந்துவிடும், அப்புறம் புதிது வாங்க வேண்டும். பொத்தே போலத் தலைமுறைக்கு நிற்கிற பொருள் இல்லை.

வித்தியாசத்தின் அடிப்படை ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. 4,500 லிட்டர் பொத்தே ஒன்று பரீக்கைப் போல 20 மடங்கு ஒயின் கொள்ளும். ஆனால் உருவம் அதே மாதிரி இருந்தால் அதன் உட்பரப்பு 20 மடங்கு ஆகாது, ஏழு மடங்கை ஒட்டித்தான் வரும். ஆக, பரீக்கில் இருக்கும் ஒவ்வொரு லிட்டரும் பொத்தேயில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மரம் தரும் டானினும் வாசனையும் அந்த அளவுக்கு அதிகம், உள்ளே கசியும் காற்றும் அதிகம்.

நெபியோலோவுக்கு இதில் நிஜமாகவே ஒரு நன்மை இருந்தது. அளவாகக் காற்றுப் பட்டால் அதன் நிலையற்ற நிறம் டானினோடு பிணைந்து நிலைத்துக்கொள்ளும். கூடவே, சுழலும் எஃகுத் தொட்டிகளில் நாலைந்து நாளிலேயே தோலிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டார்கள். சாற்றில் சாராயச் சத்து ஏறி விதையின் முரட்டுத் துவர்ப்பைக் கரைப்பதற்கு முன்பே தோலையும் விதையையும் வடித்துவிடலாம். அப்பாவின் பரோலோ பத்துப் பதினைந்து வருடம் கேட்டது. மகனுடைய பரோலோவை வாங்கின சில வருடத்திலேயே குடிக்க முடிந்தது. அடர்ந்த நிறம், மெத்தென்ற துவர்ப்பு, வெனிலா மணம்.

சந்தையும் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஆனது. 1986-ல் இத்தாலியில் மலிவு ஒயினில் மெதனால் கலந்து விற்றதில் 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலருக்குப் பார்வை போனது. குற்றம் செய்தவர்கள் பரோலோ விவசாயிகள் இல்லை. ஆனாலும் அந்த விஷ ஒயின் வெளிவந்த இடங்களில் ஒன்று பக்கத்து ஊரில்தான் இருந்தது, அவமானம் மாவட்டம் முழுவதற்கும் வந்தது. யார் செய்தது, எந்தத் தோட்டம் என்று முகம் தெரிந்து வாங்க விரும்பியவர்களுக்கு இந்த இளைஞர்கள் முகம் காட்டினார்கள். மார்க் தே கிராட்சியா என்ற இத்தாலிய-அமெரிக்க வியாபாரி அவர்களில் பலரை ஒன்றுசேர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். பரோலோ பையன்கள் என்று பெயர் கிடைத்தது. பையன்கள் என்றாலும் கூட்டத்தில் கியாரா பொஸ்கிஸ் என்ற பெண்ணும் இருந்தார். பரோலோ ஊரின் பழைய பீரா ஒயின் வீட்டை 1990-ல் பொறுப்பேற்றுத் தானே நடத்தத் தொடங்கியவர் அவர். இவர்கள் ஒருவர் ஒயினை இன்னொருவர் கூடி உட்கார்ந்து சுவைத்து, குறை சொல்லி, தெரிந்ததை மறைக்காமல் பகிர்ந்துகொண்டார்கள். பக்கத்துத் தோட்டக்காரனிடம் வாய் திறக்காத ஊரில் அது பெரிய மாற்றம். எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்ததும் அதுதான்.

எதிர்த்து நின்றவர்

பரோலோ ஊரின் ரோமா தெருவில் பர்த்தோலோ மஸ்கரெல்லோ இருந்தார். இளமையில் பாசிசத்தை எதிர்த்துப் போராடிய மலைப்போராளிகளில் ஒருவர். அப்பா ஜூலியோவிடமிருந்து வந்த சில ஹெக்டேர் நிலம், சிமெண்ட் தொட்டி, பெரிய பொத்தே. கடைசி வரை அதிலிருந்து அசையவில்லை. தனித்தனித் தோட்டத்தின் பெயரை லேபிளில் போட்டு விலையேற்றும் வழக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. கன்னூபி, சான் லொரென்ட்சோ, ருவே, ரொக்கே என்ற நான்கு இடத்துத் திராட்சையையும் கலந்து ஒரே பரோலோ செய்வது தாத்தா காலத்து முறை, அதுவே போதும் என்றார்.

வயதாகிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகு லேபிள்களைக் கையால் வரைய ஆரம்பித்தார். அதில் ஒன்றுதான் உலகம் சுற்றியது: பரீக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று எழுதிய லேபிள். அந்தத் தொலைக்காட்சி முதலாளி அரசியல்வாதியையும் வெனிலா மணக்கும் பீப்பாயையும் ஒரே வரியில் நிறுத்தினார். இரண்டுமே எல்லாவற்றையும் ஒரே ருசியாக்கிவிடும் என்பது அவருடைய கோபம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதில் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டியது. மஸ்கரெல்லோ கலக்கும் நான்கு இடங்களில் ரொக்கே மட்டும் பரோலோ ஊரில் இல்லை. அது லா மோர்ராவில், அனுன்ட்சியாத்தாவில் இருக்கிறது. ஆல்தாரேயின் வீடு இருக்கும் அதே குடியிருப்பு. சண்டையின் இரு முனைகளாக உலகம் பார்த்தவர்களின் கொடிகள் பக்கத்துப் பக்கத்துச் சரிவுகளில் ஒரே மழையில் நனைந்தன.

சட்டம் இந்தச் சண்டையில் யார் பக்கமும் நிற்கவில்லை. 1980-ல் பரோலோவுக்கு இத்தாலியின் உயர்ந்த உத்தரவாதத் தகுதி கிடைத்தபோது விதி மூன்று வருடம் முதிரவேண்டும், அதில் இரண்டு வருடம் மரத்தில் என்றது. இப்போதைய விதி அறுவடை ஆண்டின் நவம்பர் 1-லிருந்து 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில் என்கிறது. மரம் என்றுதான் இருக்கிறது. எவ்வளவு பெரிய பீப்பாய், புதிதா பழையதா என்று ஒரு சொல் இல்லை. இருபது வருடச் சண்டையும் அந்த ஒரு சொல் இல்லாத இடத்தில்தான் நடந்தது.

யார் சரி?

என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன்.

கொடியில் மகன் சரி. இன்றைக்குப் பழமைவாதிகள் என்று பெயரெடுத்த வீடுகளிலும் கோடையில் கொத்துக் குறைக்கிறார்கள், யாரும் அதைப் பாவம் என்பதில்லை. சுத்தத்திலும் மகன் சரி. குதிரைலாய வாடையைப் பாரம்பரியம் என்று இப்போது யாரும் விற்க முடியாது. தன் பெயரில் புட்டி அடைத்துத் தரகரிடமிருந்து தப்பியதிலும் சரி. அதில் நூறு முறை சரி.

மரத்தில் அப்பா சரி. 1990-களில் புது பரீக்கில் ஊறி விமர்சகர்களிடம் அதிக மதிப்பெண் வாங்கிய பரோலோக்கள் பலவற்றில், பதினைந்து இருபது வருடம் கழித்தும் மரம் முன்னால் நின்றது, ரோஜாவும் தாரும் பின்னால் போயிருந்தன. நெபியோலோவின் குரல் மெல்லியது, வெனிலா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதைச் செய்தவர்களே முதலில் உணர்ந்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. 2000-க்குப் பிறகு ஒவ்வொருவராகப் புது மரத்தின் பங்கைக் குறைத்தார்கள், பலர் பெரிய பீப்பாய்க்கே திரும்பினார்கள். எதிர்ப்பக்கமும் நகர்ந்தது. தோலோடு ஊறவைக்கும் நாட்களை அளந்தார்கள், பழைய பீப்பாயை மாற்றிப் புது பொத்தே வாங்கினார்கள். பூமி சூடானதும் சேர்ந்துகொண்டது. அறுவடை செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் தொடக்கத்துக்கும் நகர்ந்துவிட்டது, முரட்டுத் துவர்ப்பு கொடியிலேயே கனிந்துவிடுகிறது. கண்ணை மூடிக் குடித்தால் இது எந்தக் கட்சி என்று சொல்வது இன்று எளிதில்லை.

அப்படியென்றால் தப்பு எங்கே நடந்தது? ரம்பத்தில். கெட்டுப்போன பீப்பாயைத் தூக்கிப்போட்டதை நான் குறை சொல்லவில்லை, அது போகவேண்டியதுதான். ஒன்றே ஒன்றை மிச்சம் வைத்திருக்கலாம். அல்லது அப்பாவுக்கென்று ஒரு புது பொத்தே வாங்கி, ஒரே தோட்டத்துத் திராட்சையை அதில் பாதியும் பரீக்கில் பாதியும் ஊற்றி வைத்திருக்கலாம். சொல்வது சுலபம், தெரியும். முப்பது வயதில் அப்பாவின் நிலத்தில் உழைத்துக்கொண்டு எதற்கும் அனுமதி கிடைக்காத ஒருவனின் மூச்சுமுட்டல் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 1983-ல் பறித்த திராட்சையே ஆனாலும், மூன்று வருட விதிப்படி அது பரோலோ என்ற பெயரில் வெளிவர 1987 ஜனவரி 1 ஆகவேண்டும். ஜொவான்னி ஆல்தாரே 1985-ல் இறந்தார். மகன் கிறுக்குப் பிடித்தவனா கெட்டிக்காரனா என்று கேட்ட கேள்விக்கு பதில் புட்டியில் அடைபடும்போது கேட்டவர் இல்லை. பதில் சுமாராக இருந்து, பார்த்தாயா என்று அப்பா சொல்லியிருந்தாலும், மகன் அதை முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம்.

பக்கத்தில் பார்பரெஸ்கோ ஊரில் ஆஞ்ஜெலோ காயா வீட்டில் இதே மாதிரிதான் ஆரம்பித்தது. 1978-ல் நெபியோலோ நின்ற ஒரு நல்ல தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு பிரான்ஸின் காபர்னே கொடியை நட்டார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவருடைய அப்பா தர்மாஜி என்று முனகினார். அந்த வட்டாரப் பேச்சில், ஐயோ வீணாப்போச்சே என்று அர்த்தம். மகன் அந்தச் சொல்லையே ஒயினுக்குப் பெயராக வைத்துவிட்டார். இன்றும் லேபிளில் தர்மாஜி என்றுதான் இருக்கிறது. அப்பாவின் வருத்தம் வீட்டைவிட்டு வெளியே போகாமல் புட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. எனக்கு அந்தச் சண்டை பிடித்திருக்கிறது.

பீப்பாய்க்கு அப்புறம்

பர்த்தோலோ மஸ்கரெல்லோ 2005-ல் காலமானார். மகள் மரியா தெரேசா அதே நான்கு தோட்டங்களை அதே மாதிரி கலந்து, பெரிய பீப்பாயிலேயே வைக்கிறார். பர்த்தோலோவின் கூட்டாளியாகக் கடைசிவரை நின்ற பெப்பே ரினால்தி 2018-ல் போனார், அவருடைய ஒயின் வீட்டை மகள்கள் மார்த்தாவும் கர்லோத்தாவும் நடத்துகிறார்கள். ஆல்தாரே வீட்டிலும் பொறுப்பு மகள் சில்வியாவின் கையில். பரீக் அங்கே இன்னும் இருக்கிறது, புது மரத்தின் அளவுதான் முன்போல இல்லை. அப்பாவும் மகனும் முட்டிக்கொண்ட ஊரில் இரண்டு பக்கத்து நிலவறைகளின் சாவியும் மகள்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது அந்தக் குடும்பங்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. பரோலோவின் நல்ல சரிவுகளில் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. மூன்று பிள்ளைகள், அதில் ஒருவருக்குத்தான் தோட்டத்தில் மனம் என்று வைத்துக்கொள்வோம். மற்ற இருவரின் பங்கை அந்த விலைக்கு வாங்க ஒயின் விற்ற காசு எத்தனை வருடம் போதும்? அன்று எலியோ உடன்பிறந்தவர்களுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கினார். இன்றைய விலையில் அப்படி ஒருவர் செய்வதைக் கற்பனை செய்யவே கடினமாக இருக்கிறது.

காஸ்திலியோனே ஃபல்லெத்தோ ஊரின் வியெத்தி ஒயின் வீட்டை 2016-ல் அதன் குடும்பம் அமெரிக்காவின் க்ராஸ் குடும்பத்துக்கு விற்றுவிட்டது. மகன் லூக்கா குர்ராதோ அதற்குப் பிறகும் சில வருடம் அங்கேயே ஒயின் செய்தார். 2023-ல் அவரும் மனைவி எலெனா பென்னாவும் விலகினார்கள். இப்போது தங்கள் இருவரின் குடும்பப் பெயரையும் போட்டு, சின்ன அளவில், மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.